ஜமீன் வீட்டுச் செடிகள்

அநியாயம் நடந்தது செடிகளுக்கு. பூசை விடுமுறையில் துறைச் சுற்றுலா போய்விட்டு நான் திரும்பி வருவதற்குள், ஒரு வார்த்தை விசாரிக்காமல், ஜமீனின் கண்ணாடிப் பெட்டிக்குள் நான் வைத்திருந்த அத்தனை செடிகளையும் வேரோடு பிடுங்கி மொட்டைமாடி வெயிலில் வீசியிருந்தார்கள், விஷம் வைத்தவை என்று பட்டம் கட்டி. ஜமீன் என் தாடி ஓணான். ஆஸ்திரேலியப் பாலைவனத்துச் சாதி, முழங்கை நீளம், கோபம் வந்தால் தொண்டைக்கு அடியில் தாடி கறுத்து உப்பும். மற்ற நேரமெல்லாம் கட்டை மேல் ஏறி உட்கார்ந்து, பண்ணையம் பார்க்க வந்தவனைப் போல ஒரு கண்ணை மட்டும் திருப்பி நம்மைப் பார்ப்பான், அதனால் அந்தப் பேர். ஆயுத பூசைக்கு மறுநாள் அவன் வாயில் கோழை ஒழுகக் காலை இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். பெரியப்பா மகன் ரகு அண்ணன்தான் துண்டில் சுற்றி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார், அதற்கு நான் நன்றி சொல்லிவிட்டேன், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் டாக்டர், ஏதோ ஆகாத செடியைக் கடித்திருக்கிறது என்று சொன்னதும், நேரே வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் கையை விட்டு எல்லாவற்றையும் பிடுங்கினாரே, அம்மாவிடம் சொன்னாரே, அழகுக்கு ஆசப்பட்டு ஒரு சீவனக் கொல்லப் பாத்திருக்கா பாருங்க சித்தி என்று, அந்த வாக்கியம்தான். பல் தேய்க்கும்போது வருகிறது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது வருகிறது. அழகுக்கு ஆசப்பட்டு. ரகு அண்ணன் வேளாண்மை படித்தவர், பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர். நான் படிப்பது வரலாறு. ஆகவே செடியைப் பற்றி அவர் சொன்னால் அது தீர்ப்பு, நான் சொன்னால் அது வாய். இந்தப் புள்ளைக்கு வாய் சாஸ்தி என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, எவ்வளவு வசதி. அப்பாவும் தீர்ப்பை ஒப்புக்கொண்டுவிட்டார். வெறும் பெட்டி என்றால் இருக்கட்டும், மறுபடி ஒரு செடி உள்ளே போனால் ஓணான் பொள்ளாச்சிக்குப் போகும், அங்கே தோட்டத்தில் இந்த மாதிரிப் பிராணிகள் வளர்க்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறார், ரகுவுக்குத் தெரிந்தவர். இன்று மத்தியானம் கீழே அப்பாவின் பட்டறையில் லேத் நின்றதும் அப்பாவும் ரகு அண்ணனும் மேலே வந்து பார்க்கப் போகிறார்கள். நான் இப்போது மறுபடி செடி நட்டுக்கொண்டிருக்கிறேன்.

கீழே லேத் ஓடுகிறது. தரை வழியாக அதன் அதிர்வு என் முட்டிக்கு வருகிறது, முட்டியிலிருந்து தோளுக்கு, தோளில் ஜமீன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கும் போகும். நகம் சுடிதாரைத் துளைத்துக்கொண்டு லேசாகக் குத்துகிறது, அவன் வயிறு என் தோளில் சூடாக, அப்பளம் சுட்டுப் போட்ட தட்டு மாதிரி. இருந்துக்கோடா. முதலில் கல். கல்லை மண்மேல் வைக்கக் கூடாது, அடிக் கண்ணாடியில் பழைய சாக்கு மடித்துப் போட்டு அதன்மேல் நேராக உட்கார வைத்துவிட்டுத்தான் சுற்றிலும் மண்ணைக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் இவன் அடியில் தோண்டுவான், ஒருநாள் கல் இவன் முதுகில் இறங்கும். இது ரகு அண்ணனுக்குத் தெரியுமா? இவனுக்குத் தோண்டுகிற பழக்கம் உண்டு என்றாவது தெரியுமா? சரி, கல் அசையவில்லை. இரண்டு கையாலும் ஆட்டிப் பார்க்கிறேன், அசையவில்லை. கட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துக் காயவைத்தாயிற்று, பூச்சி இருந்தால் செத்திருக்கும். விளக்குக்கு நேர் கீழே செடி கூடாது, கருகும். அங்கே இவன் வெயில் காய்வதற்குத் தட்டைக் கல். சூடான பக்கத்தில் முள்ளில்லாத சப்பாத்திக்கள்ளி. நடுவில் வெள்ளைக் கோடு போட்ட குட்டிக் கற்றாழை. குளிர்ந்த ஓரத்தில், அழுக்குக் கண்ணாடிக்கு மறைவாக, நீளநீள இலை தொங்குகிற ஸ்பைடர் செடி, மாடியில் வாடிப்போய்க் கிடந்ததைத் தண்ணீரில் வேரை ஊறவைத்து மீட்டது, பாதி இலைதான் மிச்சம், ஆனாலும் ரோஷமான செடி. எல்லாம் தொட்டியோடு புதைப்பது. அப்போதுதான் தண்ணீர் ஊற்ற வெளியே எடுக்கலாம், பெட்டி ஈரமாகாது, இவன் நெஞ்சில் சளி கட்டாது. நர்சரிக்காரர்கள் மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் குருணை கலந்திருப்பார்கள், அரிசிப் பொரி என்று நினைத்து இவன் விழுங்குவான், அதற்காக ஒவ்வொரு வேரையும் வாளித் தண்ணீரில் பச்சைக் குழந்தைக்குத் தலை அலசுகிற மாதிரி அலசி, மருந்தடித்த இலைகள் போய்ப் புது இலை விடும்வரை மாடியில் தனியே வைத்திருந்தேன், அதைப் பார்த்து அம்மா சொன்னாள், கொரோனாவுல துபாயில இருந்து வந்த உங்க மாமனக்கூட நாம இத்தன தள்ளி வெக்கலியே அம்மிணி. பாதுகாப்பு என்றால் இது. அழகுக்கு ஆசப்பட்டு. ஆமாம் ரகு அண்ணா, ஆசைப்பட்டேன், அழகுக்கு ஆசைப்படுவது குற்றம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? உங்கள் கடை முகப்பில் பிளாஸ்டிக் மூங்கில் எதற்கு நிற்கிறது? செடி வைப்பதற்கு முன் இவன் நாள் முழுக்கக் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றான், ஏறுவான், வழுக்குவான், மறுபடி ஏறுவான், மூக்கில் தோல் உரிந்து புண். செடி வைத்த அன்றைக்கு நின்றது. ஒரு இலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, நான் பார்க்கவில்லை என்று தனக்குத்தானே முடிவு செய்துகொண்டு, கண்ணை மூடினான். ஒளிந்துகொள்ள ஓர் இடம், அவ்வளவுதான் அவன் கேட்டது. அதை அவன் கேட்கிறான் என்று கண்டுபிடித்தவள் நான். எனக்குப் பெருமைதான். பெருமையாக இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் எல்லோரும் தொண்டையைச் செருமுகிறார்கள், செருமட்டும். நேற்றுவரை வெறும் பெட்டியில் மறுபடி மூக்கைத் தேய்த்தான், புண் மறுபடி சிவந்திருக்கிறது, இதோ என் கன்னத்துக்குப் பக்கத்தில், இதற்கு யார் மேல் குற்றம் சாட்டுவது?

கள்ளி என்றதும் ரகு அண்ணன் குதித்தது நினைவு வருகிறது. கள்ளிப்பாலு கண்ணுல பட்டாப் பார்வையே போயிரும், இது கூடத் தெரியாம காட்டக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள வெச்சிருக்கா. அண்ணா, பால் வருவது திருகுகள்ளியில், இது சப்பாத்தி, இதில் பால் கிடையாது. ஏன் அம்மிணி, எந்த ராசா எந்த வருசம் பட்டத்துக்கு வந்தான்னு நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன், கள்ளியப் பத்தி எனக்குச் சொல்லாத. அன்றைக்கு, பல்கலைக்கழகப் பட்டிமன்றத்தில் எந்த அணியில் உட்கார வைத்தாலும் மணி அடித்த பிறகும் பேசுகிறவள், சாப்பாட்டு மேஜையில் அழுதுவிட்டு எழுந்து போனேன். ஏன் என்றால் எனக்கே பயம். எனக்கே சந்தேகம். ஒருவேளை? எல்லாம் படித்துப் பார்த்து, கேட்டு, ஆராய்ந்து வைத்ததுதான், ஆனாலும் ஒருவேளை ஒரு இலை, ஏதோ ஒரு வேரின் நுனியில் ஒட்டியிருந்த மருந்து? அந்த ஒருவேளையை இத்தனை நாளும் நாக்கின் அடியில் கசப்பு மாத்திரை மாதிரி அதக்கிக்கொண்டு திரிந்தேன். இன்று காலை அது கரைந்தது. கட்டையைத் தூக்கினேன். செடிகளைப் பிடுங்கியவர் கட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அடியில் மணலோடு மணலாக ஒரு பூ, காய்ந்து, ரத்தம் உறைந்த நிறத்தில். ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கடி. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். செவ்வரளி.

அரளி. நர்சரியில் ஒரு ஆள் பாலைவன ரோஜா என்று அடிபருத்த செடி ஒன்றை நீட்டி, பாலைவனத்து ஓணானுக்குப் பொருத்தமா இருக்குங்க மேடம் என்று சொன்னபோது, அது அரளிக்குச் சொந்தம், வேண்டாம் என்று கையைக்கூட வைக்காமல் வந்தவள் நான். சொந்தத்தை வாசலோடு அனுப்பிவிட்டேன், அரளியே சந்தனம் குங்குமத்தோடு கூரை வழியாக இறங்கியிருக்கிறது. ஆயுத பூசை. கீழே பட்டறையில் லேத், டிரில்லிங் மெஷின், கம்பரசர், அப்பாவின் ஸ்கூட்டர், வீட்டில் மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், எதற்கெல்லாம் சுவிட்ச் இருக்கிறதோ அதற்கெல்லாம் பொட்டு, அதற்கெல்லாம் மாலை. ஜமீனின் பெட்டிக்கு மூடியாகப் போட்ட வலைக்கு மேல் இரண்டு விளக்கு இருக்கிறது, சூடு பார்த்து அணைக்கிற கருவி இருக்கிறது, பின்னால் வயர் தொங்குகிறது. அதுவும் மெஷின்தானே. அம்மா போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள், உன்ற அத்தை ஜமீனுக்கும் பொட்டு வெச்சுட்டா. நானும் பஸ்ஸில் சிரித்தேன். மாலையைப் பற்றி அம்மா சொல்லவில்லை, சொல்ல அதில் என்ன இருக்கிறது, பொட்டு என்றால் மாலையும்தான். இன்று காலை அம்மாவிடம் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். மாலையா, ஆமா, மேல வலையில தொங்குச்சு, ரகுதான் கழட்டி ஓரமா வெச்சுட்டு அப்பறம் செடியப் புடுங்குனான். கழற்றி, ஓரமாக வைத்துவிட்டு! வேளாண்மைப் பட்டதாரி, பூச்சிமருந்துக் கடை, அரளி என்னவென்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார், அதைக் கையில் எடுத்து, மரியாதையாக ஓரமாக வைத்துவிட்டு, என் ஸ்பைடர் செடியைப் பிடுங்கியிருக்கிறார். ஏன் என்றால் அது பூசைப் பூ. அதைச் செடிக் கணக்கில் இந்த வீட்டில் யாரும் சேர்க்கவில்லை. டாக்டர் செடி என்றார், எல்லோரும் பெட்டிக்குள்ளே பார்த்தார்கள், பெட்டிக்கு மேலே சாமி.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், ஒரு நிமிஷம் இருந்தது. பூவைக் கைக்குள் மூடிக்கொண்டு அறையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். பிறகு அத்தையின் கை ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு அக்கா, தங்கமணி அத்தை, பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறாள். மாமா செத்துப்போன வருஷம், பூசைக்கு யார் முதல் பூ வைப்பது என்று பேச்சு வந்தபோது, பெரியம்மா, ரகு அண்ணனின் அம்மா, இழுத்தாளாம், இனி அவ கையால எப்படி என்று. அப்பா எண்ணெய்க் கையைத் துடைத்தபடி சொன்னாராம், என்ற பட்டறைக்கு என்ற அக்காதான் பூ வெக்கோணும், ஆகாதுங்கறவங்க வர வேண்டாம். அந்த வருஷம்தான் ஆர்டர் குவிந்தது. பழைய லேத் ஒன்று, மாதம் ஒருமுறை படுத்துக்கொள்வது, அத்தை கை பட்ட பிறகு படுக்கவேயில்லை என்று கீழே வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். கைராசி. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அத்தை நிமிர்ந்து நடக்கிறாள். கல்யாண வீட்டில் பின்வரிசைக்குப் போகிறவள், பூசையன்று மட்டும் பட்டறை நடுவில் பித்தளைத் தட்டோடு நிற்பாள், எல்லோரும் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்குக் கைராசியில் நம்பிக்கை கிடையாது, லேத் ஓடியது மிஸ்திரி பேரிங் மாற்றியதால், இதை நான் அப்பாவிடமே வாதாடியிருக்கிறேன். ஆனால் கைராசி பொய் என்றால் கை ஆகாது என்பதும் பொய்தானே, இரண்டையும் சேர்த்தல்லவா உடைக்க வேண்டும், இந்தப் பூவைக் காட்டினால் ஒன்றுதான் உடையும், மற்றது பெரியம்மா வாயில் பத்திரமாக இருக்கும். நாந்தான் அப்பவே சொன்னனே. அவள் அதைச் சொல்லும்போது புடவைத் தலைப்பை எப்படி இழுத்துவிட்டுக்கொள்வாள் என்பதுகூடத் தெரிகிறது. அப்போது இந்தப் பூவைத் தொட்டிக்குள் போட்டு மண்ணைத் தள்ளிவிடலாமா? செடிகளின் பேர் கெட்டது கெட்டதாக இருக்கட்டும், செடிக்கு ஏது மானம்? ஜமீன் பொள்ளாச்சிக்குப் போகட்டும், அங்கே வெயில் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, அந்தத் தோட்ட வேலியில் என்ன செடி இருக்கும், வேலிக்கு ஆடு தின்னாத செடிதான் வைப்பார்கள், அரளிதான் வைப்பார்கள். வேண்டாம். இல்லை, வேறு மாதிரி யோசி. அடுத்த பூசைக்கு அத்தை மறுபடி மாலை போடுவாள், ஆசையாகப் போடுவாள், யாரும் சொல்லாவிட்டால் அவளுக்கு எப்படித் தெரியும்? அப்போது அவள் கையே நிஜமாக அவனைக் கொன்றுவிடும். மறைத்தால் அத்தைக்கு நான் செய்வது நல்லதா? எந்த அணியில் உட்கார வைத்தாலும் பேசுவேன் என்றேனே, இப்போது இரண்டு அணியும் நான்தான், நடுவர் தோளில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். காலையில் காகிதத்தில் மடித்து வைத்த பூவை மறுபடி எடுத்திருக்கிறேன். இதை வெறுங்கையில் பிடித்திருக்கிறேன், கழுவாமல் இவனைத் தொடக் கூடாது. இத்தனை நாள் இது கட்டைக்கு அடியில், வெறும் பெட்டியில், பசித்த வாய்க்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்திருக்கிறது. பாதுகாப்பு என்று நீங்கள் காலி செய்தீர்களே, அந்தப் பெட்டியில். ஜமீனைப் பூப்படாத கையால் அணைத்து இறக்கிப் பெட்டிக்குள் விடுகிறேன். அவன் தட்டைக் கல்லைத் தாண்டி, கற்றாழையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகப் போய் அந்தப் பாதிச் செடிக்குப் பின்னால் நிற்கிறான். வால் முழுக்க வெளியே. தலை மட்டும் மறைவாக. எவ்வளவு நன்றாக இருக்கிறது. அய்யோ, எவ்வளவு நன்றாக இருக்கிறது, இதை நான் செய்தேன்.

லேத் நின்றுவிட்டது. முட்டியிலிருந்து அந்த நடுக்கம் போனதும் உடம்பு திடீரென்று லேசாக இருக்கிறது. படியில் செருப்புச் சத்தம், ரகு அண்ணனின் பைக் சாவி குலுங்குகிறது, அப்பா எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி வருகிறார், அவர்களுக்குப் பின்னால், வருவாள் என்று நான் நினைக்காத அத்தை, கையில் ஒரு கொத்து முருங்கைக்கீரையோடு, ஜமீனுக்குத்தான்.

"பாத்தீங்களா சித்தப்பா, மறுபடி காட்ட நட்டு வெச்சிருக்கா. நான் பொள்ளாச்சிக்குப் போன் போடட்டுமா?"

"அம்மிணி, நான் என்ன சொல்லியிருந்தேன்?" என்கிறார் அப்பா. கோபமாக இல்லை, அலுப்பாக. அலுப்புத்தான் கஷ்டம்.

சப்பாத்திக்கள்ளியில் ஒரு மடலை ஒடித்து ரகு அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டுகிறேன். வெட்டுவாயில் வழவழவென்று தண்ணீர். பால் இல்லை. அவர் பார்க்கிறார். மறுபடி பார்க்கிறார்.

"செரி, அது பால் வராத சாதின்னே வெய்யி. டாக்டரு செடின்னுதான சொன்னாரு? உன்ற செடி இல்லீன்னா பின்ன எது? ஆகாசத்துல இருந்து உழுந்துச்சா?"

ஆமாம், என்று தோன்றுகிறது, அப்படியேதான், ஆகாசத்திலிருந்து. இத்தனை நாள் ஒத்திகை பார்த்த பேச்சு முழுவதும் தொண்டையில் வரிசையாக நிற்கிறது, ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கையைத் திறக்கிறேன்.

"அரளிங்ண்ணா. கட்டைக்கு அடியில கெடந்துச்சு. கடிச்ச தடம் இருக்குது, பாருங்க. மேல வலையில தொங்குன மாலைல இருந்து உழுந்தது. நீங்கதான கழட்டி ஓரமா வெச்சீங்க?"

ரகு அண்ணனின் கை பைக் சாவியோடு அப்படியே நிற்கிறது. அவருக்குத் தெரிந்துவிட்டது, முகத்தில் ஒவ்வொரு படியாக இறங்குகிறது. அப்பா பூவை எடுத்து, மெஷின் பாகத்தைப் பார்க்கிற மாதிரிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். "மார்க்கெட்டுல இருந்து மூட்டையா வாங்கியாந்தது நானு" என்கிறார், யாரிடமும் இல்லாமல்.

"போட்டது நானு" என்கிறாள் அத்தை. கீரையைப் பிடித்திருந்த கையைத் தலைப்புக்குள் இழுத்துக்கொள்கிறாள். "லைட்டு, சுச்சு எல்லாம் இருக்குதே, மெசினுக்கெல்லாம் போட்டுப்போட்டு இத மட்டும் உட்டுட்டா நல்லாவா இருக்கும்னு போட்டேன் கண்ணு. சாமி பூவுன்னு..."

"அதுக்குத்தான் எங்கம்மா அப்பவே..." என்று ரகு அண்ணன் தொடங்குகிறார்.

"ரகு" என்கிறார் அப்பா. ரகு அண்ணன் நிறுத்திக்கொள்கிறார். அப்பா பெட்டிக்கு முன்னால் குனிந்து கல்லை ஆட்டிப் பார்க்கிறார், அசையவில்லை, இன்னொரு முறை, பலமாக, அசையவில்லை. "இதாரு நிறுத்துனது, நீயா?" என்கிறார். தலையை ஆட்டுகிறேன். "ம்" என்கிறார். என் அப்பாவிடமிருந்து வரும் ம் ஒன்று இருக்கிறது, பட்டறையில் பதினாறு வருஷம் வேலை செய்தவர்களுக்கே வருஷத்துக்கு ஒன்று கிடைக்கும். "பெட்டி இங்கயே இருக்கட்டும். செடியும் இருக்கட்டும். போனெல்லாம் போட வேண்டாம்."

ஜெயித்துவிட்டேன். உள்ளே என்னவோ கைதட்டுகிறது, நிறுத்தச் சொல்கிறேன், ஏன் என்றால் அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கை இன்னும் தலைப்புக்குள், முருங்கைக்கீரை உதிர்ந்து தரையெல்லாம்.

"தம்பி, அடுத்த பூசைக்கு நான் வரல. வேற ஆரையாச்சும் வெச்சுப் பூப் போட்டுக்கங்க. பட்டறைக்கும் சேத்தித்தான் சொல்றேன்."

ரகு அண்ணன் தரையைப் பார்க்கிறார். அப்பா என்னைப் பார்க்கிறார், வாய் சாஸ்தி என்று பேர் வாங்கியவளை. நான் அத்தையிடம் போய்த் தலைப்புக்குள் கையை விட்டு அந்தக் கையை வெளியே எடுக்கிறேன், கீரையோடு.

"வருவீங்க அத்தை. பட்டறைக்கும் நீங்கதான், இவனுக்கும் நீங்கதான். இவனுக்கு மட்டும் செம்பருத்தி கட்டிப் போடுங்க, மருந்தடிக்காத செடியில பறிச்சு. உழுந்தா உழட்டும், திம்பான்."